ஓட்டமும் நிலையும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கட்டற்ற மென்பொருளை ஆக்குகின்ற தொண்டர்கள் தம் ஆக்கத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கும் முறையைப் பற்றியது. மென்பொருளை எழுதுவது எப்படி என்று கல்லூரியில் பாடம் நடக்கிறது. எழுதியதை எந்த நாளில், எந்தப் பக்குவத்தில், யாரிடம் கொடுப்பது என்பதைப் பற்றி அங்கே அதிகப் பேச்சு இல்லை. ஆயினும் அதைப் பயன்படுத்துகிறவரின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியையே பொறுத்திருக்கின்றன.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு அது வெளிவந்தால், அதனைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் அமெரிக்காவில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். 1993 ஆகஸ்டு 16-ஆம் நாள் இயன் மர்டாக் என்பவர், பர்டூ பல்கலைக்கழகத்தில் பயின்று கொண்டிருந்தபோதே, டெபியன் என்னும் முயற்சியைத் தொடங்கினார். இம்மூவரில் இருவர் அப்போது உங்களைப் போன்ற மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

டெபியன் போன்ற முயற்சிக்கு என்ன தேவை வந்தது? கருநிரல் ஒருவர் எழுதியது. எழுத்துப்பலகையை ஆளும் நிரல் மற்றொருவர் எழுதியது. கோப்புகளைச் சுருக்கும் நிரல் வேறொருவர் எழுதியது. உலகின் பல மூலைகளில் ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான நிரல்கள் ஒரே கணினிக்குள் சண்டையின்றி வாழ வேண்டும். ஒவ்வொரு நிரலையும் ஒரு பொதியாகக் கட்டி, எந்தப் பொதிக்கு எந்தப் பொதி துணை என்று குறித்து, எல்லாவற்றையும் சேர்த்து வழங்குவதற்கு ஒரு கூட்டம் வேண்டும். டெபியனில் அந்த வேலையைச் செய்பவர்கள் ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்கள். அவர்களுக்குச் சம்பளம் தரும் முதலாளி என்று டெபியனில் எவரும் இல்லை.

இத்தகைய கூட்டங்கள் தம் பொதிகளை வழங்கும் முறைகள் இரண்டு. நம் ஊர்த் தேரை நினைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பெயர் வைப்பது எளிது. தேர் வீதியில் செல்லும்போது அதை ஓட்டம் என்கிறோம். உரிய இடத்தில் வந்து நின்றால் நிலைக்கு வந்துவிட்டது என்கிறோம். புதிய பொதி ஆயத்தமானதும் அன்றன்றைக்கே பயன்படுத்துவோருக்கு அனுப்பிவிடுவது ஓட்ட வெளியீடு. எல்லாப் பொதிகளையும் ஒரு கட்டத்தில் நிறுத்தி, பிழை களைந்து, எண்ணும் பெயரும் இட்டு, இனி இது மாறாது என்று உறுதி கூறி வழங்குவது நிலை வெளியீடு.

இவ்விரண்டின் இயல்பையும் போடிநாயக்கனூர்ப் பிள்ளைகளுக்கு விளக்க நான் வெகு தூரம் போக வேண்டியதில்லை. மேலே மலைச்சரிவில் ஏலத்தோட்டம் இருக்கிறது. கீழே ஊரில் ஏலக்காய்ச் சந்தை இருக்கிறது. ஒரு வயலின் நெல் ஒரே அறுவடையில் களத்துக்கு வந்துவிடும். ஏலம் அவ்வாறு விளைவதில்லை. செடியின் அடியிலிருந்து புறப்படும் சரத்தில் ஒரே வேளையில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். ஆதலால் பருவம் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வந்து, முற்றியதை மட்டும் எடுத்து, மற்றவற்றை அடுத்த சுற்றுக்கு விட்டுவைப்பார்கள். தோட்டத்தில் எந்த நாளிலும் விளைச்சல் முடிந்தது என்று சொல்ல முடியாது. அங்கே ஓட்டமே இயற்கை.

பறித்த காய் உலர்த்தும் கூடத்துக்குப் போகிறது. பின்னர்ப் புடைத்துச் சலித்துப் பருமன் வாரியாகப் பிரிக்கப்பட்டு, மூட்டையில் ஏறி, ஓர் எண் பெற்ற சரக்காக ஏலக் கூடத்துக்கு வருகிறது. வியாபாரி அதன் மாதிரியைக் கையில் வாங்கி, நிறமும் பருமனும் பார்த்து விலை கேட்கிறார். மாதிரி காட்டிய பின்னர் அந்த மூட்டையில் வேறு காயைக் கொட்டலாமா? அது முன்னதைக் காட்டிலும் உயர்ந்த காயாகவே இருந்தாலும் கொட்டலாகாது. வாங்குகிறவர் கண்டது எதுவோ அதுவே அவர் கைக்கு வர வேண்டும். சந்தையில் நிலையே அறம்.

மென்பொருளில் நிலை என்பதன் பொருளும் இதுவே. பலர் நினைப்பது போல் நிலை வெளியீடு என்றால் பிழையே இல்லாதது என்று பொருளன்று. நேற்று நடந்துகொண்டபடியே இன்றும் நடந்துகொள்ளும் என்பதுதான் அச்சொல்லின் பொருள். இந்த உவமை ஓரிடத்தில் மட்டும் நின்றுவிடும். மூட்டையில் கட்டிய காயைத் திருத்த வழியில்லை. நிலை வெளியீட்டுக்கோ பிழைத் திருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும் பின்னாலும் வந்துகொண்டிருக்கும். புதிய வசதிகள் மட்டும் வாரா.

டெபியனில் தோட்டமும் சந்தையும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. அங்கே மூன்று அறைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அறைக்கு நிலையற்றது என்று பெயர். அதற்கு சிட் என்னும் செல்லப்பெயரும் உண்டு. டாய் ஸ்டோரி என்னும் திரைப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் அடுத்த வீட்டுச் சிறுவனின் பெயர் அது. புதிய பொதி எதுவும் முதலில் அங்கேதான் நுழைகிறது. அவசரத்தைப் பொறுத்து இரண்டு, ஐந்து அல்லது பத்து நாள் அங்கே தங்கி, பெரும் பிழை என்று புதிதாக எவரும் முறையிடாவிட்டால், இரண்டாவது அறையாகிய சோதனைக்குச் செல்கிறது. இந்த இரண்டாவது அறை 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அமைக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனை அறையின் கதவை அடைத்து, உள்ளே இருப்பவற்றின் பிழைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, மூன்றாவது அறையாகிய நிலைக்கு மாற்றுகிறார்கள்.

கதவை அடைப்பதற்கு உறைவு என்று பெயர். அதுவும் ஒரே நாளில் நிகழ்வதன்று. 2025-ஆம் ஆண்டில் டெபியனின் 13-ஆம் வெளியீட்டுக்கு, பல பொதிகளை ஒருங்கே பாதிக்கும் பெரு மாற்றங்கள் மார்ச்சு நடுவில் நிறுத்தப்பட்டன. பின்னர்ப் படிப்படியாகக் கட்டுப்பாடு இறுகி, ஆகஸ்டு 9-ஆம் நாள் டிரிக்ஸி என்னும் பெயரில் ஏறத்தாழ 70,000 பொதிகளோடு அது வெளிவந்தது. அதற்கு ஐந்தாண்டுக் காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பது உறுதிமொழி.

ஓட்ட வெளியீட்டையே தம் முறையாகக் கொண்ட கூட்டங்களும் உண்டு. 2002-இல் கனடாவில் ஜட் வினெட் என்பவர் தொடங்கிய ஆர்ச் லினக்ஸ் அவற்றில் புகழ் பெற்றது. அதற்கு முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்ற கணக்கே கிடையாது. ஒருமுறை நிறுவிவிட்டால் அதன்பின் வருவதெல்லாம் சிறுசிறு புதுப்பிப்புகள். ஜெர்மனியில் வேர்கொண்ட ஓப்பன்சூசே கூட்டத்தார் டம்பிள்வீட் என்னும் ஓட்ட வெளியீட்டை நடத்துகிறார்கள். அங்கே புதிய பொதிகளின் தொகுதியை ஓர் இயந்திரம் நிறுவி, திறந்து, சொடுக்கிப் பார்த்து, தேறியதையே வெளியே விடுகிறது. ஆகவே ஓட்டம் என்றால் கவனமின்மை என்று எண்ணிவிடக் கூடாது.

ஓட்டத்தின் நன்மைகளை முதலில் பார்ப்போம். நிரலை எழுதியவர் இன்று திருத்திய பிழை சில நாட்களில் பயன்படுத்துவோருக்குத் தீர்ந்துவிடுகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வீட்டையே பெயர்த்துக் கட்டுவது போன்ற பெரிய மாற்றம் தேவையில்லை. தொண்டருக்கும் ஒரு சுமை குறைகிறது: பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று இரண்டைக் காக்க வேண்டியதில்லை. தீமை யாதெனில், எந்த நாளில் எது மாறும் என்பது முன்கூட்டித் தெரியாது. 2022 ஆகஸ்டில் ஆர்ச் வழங்கிய தொடக்கநிரல் புதுப்பிப்பு ஒன்றால், அதனை ஏற்றுக்கொண்ட சிலருடைய கணினிகள் மறுநாள் இயங்கத் தொடங்கவே மறுத்தன. தீர்வு உடனே அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பைப் படிப்பதற்கு வேறு ஒரு கணினி வேண்டுமே! ஆகையால்தான், புதுப்பிக்குமுன் செய்திப் பக்கத்தைப் படியுங்கள் என்று ஆர்ச் தன் பயனர்களைக் கேட்டுக்கொள்கிறது. ஓட்ட வெளியீட்டில் தொண்டரின் சுமையில் ஒரு பங்கு பயனர் தோளுக்கு மாறுகிறது.

அந்தப் பங்கை ஏற்க இயலாதவர் யார்? 2011-இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் பாஸ் என்னும் இயங்குதளமும் இடம்பெற்றது. சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைக் கிளையார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் அம்மடிக்கணினிகளை நானே மாணவர் கையில் கொடுத்திருக்கிறேன். அவற்றை வாங்கிய பிள்ளைகளுள் சிலர் மலைமேல் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். அங்கே தொலைபேசிச் சைகையே காற்றடித்த பக்கம் வந்து போகும். வாரந்தோறும் நூற்றுக்கணக்கான மெகாபைட்டுகளை இறக்கிக்கொள்ள வேண்டிய ஓட்ட வெளியீடு அவ்வீட்டில் எவ்வாறு பிழைக்கும்? கொடுத்த நாளில் எப்படி இயங்கியதோ, படிப்பு முடியும் நாளிலும் அப்படியே இயங்கும் பொருள்தான் அப்பிள்ளைக்கு உதவும்.

போடிமெட்டைத் தாண்டி அப்பால் இறங்கினால் கேரளம். அங்கே 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் இப்போது கைட் என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. பள்ளிகளுக்கென்று அது தனியே ஓர் இயங்குதளத்தைத் தொகுத்து வழங்குகிறது. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளையே, உதாரணமாக 18.04, 22.04 ஆகியவற்றை, அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். ஓட்ட வெளியீடு எதையும் அவர்கள் தேர்ந்தெடுக்காததன் காரணம் ஆசிரியர் எவருக்கும் விளங்கும். பாடநூலில் ஒரு பட்டியின் படம் அச்சாகியிருக்கிறது. செய்முறைத் தேர்வில் அந்தப் பட்டி அதே இடத்தில் இருக்க வேண்டும். தேர்வுக்கு முன்னாள் இரவு அது இடம் மாறினால், மாறியது முன்னேற்றமே ஆனாலும், பிள்ளையின் மதிப்பெண் போய்விடும்.

நிலையை நம்பி வாழும் மற்றொரு சாராரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் தமிழாக்கத் தொண்டர்கள். டெபியனை நிறுவும்போது தமிழைத் தெரிவுசெய்ய முடிகிறது. லிபர் ஆபீசு போன்ற அலுவலகச் செயலிகளுக்குத் தமிழ் முகப்பு உண்டு. கினோம் என்னும் திரைச்சூழலுக்கும் தமிழாக்கம் உண்டு. இவையெல்லாம் பகலில் வேறு வேலை பார்க்கும் சிலர் இரவில் விழித்திருந்து செய்து கொடுத்தவை. கினோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிவருகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சில வாரங்கள் முன்பாகத் திரையில் தோன்றும் ஆங்கிலச் சொற்றொடர்களை மாற்றக் கூடாது என்று ஒரு தடை விதிக்கிறார்கள். அதனைச் சொல் உறைவு எனலாம். அந்த இடைவெளியில்தான் உலகின் பல மொழியாரும் தம் மொழிபெயர்ப்பை முடிக்கிறார்கள். ஆங்கிலம் நாள்தோறும் மாறிக்கொண்டேயிருந்தால், கையில் ஆள் குறைந்த மொழி என்றும் பின்தங்கியே இருக்கும். திரையில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கலந்து தோன்றும். உறைவு என்பது எண்ணிக்கையில் சிறியோருக்குக் கிடைக்கும் அவகாசம்.

இவ்வளவு சொல்லியதால் நான் நிலையின் கட்சி என்று முடிவு செய்துவிடாதீர்கள். நிலைக்கும் விலை உண்டு. அதைக் கொடுப்பவரும் தொண்டரே. பழைய பதிப்பில் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்தால், மூல ஆசிரியர் புதிய பதிப்பில் திருத்திவிட்டுப் போய்விடுவார். அந்தத் திருத்தத்தை மட்டும் பெயர்த்தெடுத்து, ஈராண்டுக்கு முந்தைய நிரலில் பொருந்துமாறு தைக்கிற வேலை டெபியன் தொண்டருடையது. புது வேட்டியில் கிழித்த துண்டைக் கொண்டு பழைய வேட்டியை ஒட்டுப்போடுவது போன்ற வேலை அது. பாராட்டு வருவது அரிது. மூல ஆசிரியருக்கும் இதில் வருத்தம் உண்டு. 2016-இல் திரைக்காப்பு நிரல் ஒன்றின் ஆசிரியர், தாம் என்றோ திருத்திவிட்ட பிழைகளைப் பற்றி டெபியன் பயனர்கள் தமக்கு முறையீடு அனுப்பிக்கொண்டேயிருப்பதாக வெளிப்படையாகச் சலித்துக்கொண்டார். இந்தப் பதிப்பு மிகப் பழையது என்று எச்சரிக்கும் வாசகத்தை அவர் தம் நிரலிலேயே முன்னர் எழுதி வைத்திருந்தார். அது டெபியன் பயனர்களின் திரையில் தோன்றிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. இரு தரப்பாரும் ஊதியமின்றி உழைத்தவர்களே.

மேலும், நிலைக்கு வரும் தேர் வராமலே நின்றுவிடுவதும் உண்டு. டெபியனின் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த பதிப்பு 2005 ஜூன் வரை வரவில்லை. அந்த மூன்றாண்டில் புதிய கருவிகளை வாங்கியவர்கள் நிலை வெளியீட்டில் அவற்றை இயக்க வழியின்றித் தவித்தார்கள். இடையே 2004 அக்டோபரில், டெபியன் பொதிகளைக் கொண்டே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வெளியிடுவோம் என்ற உறுதியோடு உபுண்டு பிறந்தது. அதற்குப் பின்னால் ஊதியம் கொடுக்கும் நிறுவனம் இருந்தது. தொண்டர் கூட்டத்துக்கோ எவரையும் அதட்டி வேலை வாங்கும் அதிகாரம் இல்லை. ஆயத்தமானால் வெளியிடுவோம் என்றுதான் அது சொல்ல முடியும். அந்த அனுபவத்துக்குப் பின்னர் டெபியனும் உறைவின் நாளை முன்னரே அறிவிக்கப் பழகிக்கொண்டது. 2011 முதல் ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒரு நிலை வெளியீடு வந்துகொண்டிருக்கிறது.

சில மாற்றங்கள் இயற்கையிலேயே சிறிதுசிறிதாகச் செய்ய முடியாதவை. போடி மக்களுக்கு இதற்கு உதாரணம் தேடித் தர வேண்டியதில்லை. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்குவதற்கென 2010-ஆம் ஆண்டின் முடிவோடு வண்டி நின்றது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் 15-ஆம் நாள் போடி வரையிலும் வண்டி திரும்பி வந்தது. இன்றைக்கு ஒரு தண்டவாளம், நாளைக்கு ஒரு தண்டவாளம் என்று அகலத்தை மாற்றிக்கொண்டே வண்டியையும் விட்டுக்கொண்டிருக்க முடியுமா? மென்பொருளிலும் அத்தகைய பாதை மாற்றம் உண்டு. பல பழைய கணினிகள் காலத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக, 32 இருமக் கட்டங்களுக்குள் எழுதி வைக்கின்றன. அக்கட்டங்கள் 2038 ஜனவரி 19-ஆம் நாள் நிரம்பிவிடும். ஆகவே அவற்றை 64 ஆக்க வேண்டும். ஆனால் ஒரு பொதி மட்டும் மாறி அதன் துணைப்பொதி மாறாவிட்டால் இரண்டும் பேசிக்கொள்ளாது. 2024-இல் டெபியன் தொண்டர்கள் தம் முதல் அறையில் நூற்றுக்கணக்கான பொதிகளை இதற்காக ஒருசேர மாற்றினார்கள். பல வாரங்கள் அந்த அறை தச்சர் புகுந்த வீடாகக் கிடந்தது. நிலை வெளியீட்டைப் பயன்படுத்தியவர்களோ அந்த உளிச் சத்தத்தைக் கேட்கவே இல்லை.

அதே 2024-ஆம் ஆண்டில்தான், இந்த இரு முறைகளைப் பற்றிய வாதத்துக்கு உரைகல்லாக ஒரு நிகழ்ச்சி நடந்தது. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரல். லினக்ஸ் கணினி பெரும்பாலும் எதிலும் உண்டு. அதனைப் பல்லாண்டு காலம் பேணிவந்தவர் லாசே கோலின் என்னும் ஒரே ஒரு தொண்டர். மனநலம் தளர்ந்திருப்பதாக அவர் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரோடு ஒருவர் உதவிக்கு வந்தார். பணிவாக வேலை செய்தார், திருத்தங்கள் அனுப்பினார். வேலை மந்தமாக நடக்கிறது என்று வேறு சில பெயர்களிலிருந்து குறைகூறும் கடிதங்களும் வந்தன. சிறிது சிறிதாகப் பொறுப்பு புதியவர் கைக்கு மாறியது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பிலும், மார்ச்சில் வந்த 5.6.1 பதிப்பிலும், பிறர் கணினிக்குள் சாவியின்றி நுழைய ஒரு கள்ளக் கதவு மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது வெளிப்படவில்லை.

ஓட்டத்திலிருந்த வெளியீடுகள் அதனை உடனே ஏற்றுக்கொண்டன. டெபியனின் முதலிரண்டு அறைகளுக்கும் அது வந்தது, டம்பிள்வீடுக்கும் வந்தது. நிலை வெளியீடுகளுக்குள் அது புகவில்லை. இந்த இடத்தில் கதையை நிறுத்தினால், ஓட்டம் ஆபத்து, நிலையே காப்பு என்று தீர்ப்பெழுதிவிடலாம். ஆனால் கள்ளக் கதவைக் கண்டுபிடித்தவர் யார்? ஆண்ட்ரெஸ் ஃபிராய்ன்ட் என்னும் பொறியாளர். தம் கணினியில் தொலைவழி நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கவனித்து, காரணம் என்னவென்று விடாமல் துருவினார். மார்ச்சு 29-ஆம் நாள் உண்மையை உலகுக்கு அறிவித்தார். அவர் அப்போது இயக்கிக்கொண்டிருந்தது டெபியனின் நிலையற்ற அறை. அந்த அறையில் குடியிருக்க ஒருவரும் இல்லாதிருந்தால், கள்ளக் கதவு உறைவையும் கடந்து அடுத்த நிலை வெளியீட்டுக்குள் சென்று, உறுதிமொழியின் நிழலிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கக்கூடும்.

அப்படி நிகழ்வது இயலாத காரியமன்று. 2006 செப்டம்பரில் டெபியன் தொண்டர் ஒருவர், ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறிப் பொதியில் பயனற்றவை என்று எண்ணிச் சில வரிகளை நீக்கினார். அதன் விளைவாக அப்பொதி உண்டாக்கும் சாவிகள் எளிதில் ஊகிக்கக்கூடிய சில பத்தாயிரங்களுக்குள் அடங்கிவிட்டன. அக்குறை 2007-இல் நிலை வெளியீட்டுக்குள்ளும் சென்றது. 2008 மே 13-ஆம் நாள் அறிவிக்கப்படும் வரையில் எவரும் அறியவில்லை. உறைவு என்பது உள்ளிருப்பதை மாறாமல் காக்கும். உள்ளிருப்பது நஞ்சானால் நஞ்சையும் மாறாமல் காக்கும். காலம் மட்டும் சோதனை ஆகாது. கண்கள் வேண்டும்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். ஓட்டமா நிலையா என்று இரண்டில் ஒன்றுக்கு வெற்றிமாலை சூட்டுவதில் பயனில்லை. நிலை என்பது எளியோருக்கும் அவகாசம் தேவைப்படுவோருக்கும் தொண்டர்கள் கொடுக்கும் வாக்கு. ஓட்டம் என்பது அவ்வாக்கு பொய்யாகாதபடி முன்னே சென்று வழி பார்க்கிறவர்களின் இடம். முன்னே செல்பவர் இல்லாவிட்டால் வாக்கு குருட்டு வாக்காகிவிடும். வாக்குக் கொடுப்பவர் இல்லாவிட்டால், முன்னே செல்பவரின் உழைப்பு மடிக்கணினியோடு மலையேறிப் போகும் பிள்ளைக்கு எட்டாது. இரண்டு இடத்திலும் ஆள் போதவில்லை என்பதே எக்ஸ்.இசட். கதை நமக்குக் காட்டும் உண்மையான குறை. உலகம் முழுவதும் நம்பியிருந்த ஒரு நிரலைத் தளர்ந்துபோன ஒரு மனிதர் தனியே தாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தோள் கொடுக்க முதலில் வந்தது ஒரு கள்வன் என்பதில் நாம் எல்லோரும் வெட்கப்பட இடமிருக்கிறது.

மாணவர்களாகிய நீங்கள் செய்யத்தக்கது என்ன? தேர்வுக்கும் பிழைப்புக்கும் பயன்படுத்தும் கணினியில் நிலை வெளியீட்டை வையுங்கள். உடைந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க பழைய கணினி ஒன்று கிடைத்தால், அதில் ஓட்ட வெளியீட்டை வைத்துப் பாருங்கள். பிழை தென்பட்டால், எந்தப் பதிப்பில், எதைச் செய்தபோது, என்ன நேர்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். அரை நொடித் தாமதம்கூட எழுதத்தக்கதே. பழைய பதிப்பின் பிழையை மூல ஆசிரியரிடம் கொண்டுபோய்ச் சண்டையிடாமல், அதனை வழங்கிய கூட்டத்தாரிடம் முதலில் சொல்லுங்கள். நிரல் எழுத வாராதவரும் தமிழாக்கத்தில் உதவலாம். இவர்கள் எங்கோ தொலைவில் இருப்பவர்கள் என்றும் எண்ண வேண்டாம். 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு நமக்கு அண்டையிலுள்ள கொச்சியிலேயே நடந்தது.

டெபியனின் அடுத்த நிலை வெளியீட்டுக்கு ஃபோர்க்கி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் டிரிக்ஸி நிலைக்கு வந்ததுமே அதற்கான ஓட்டம் தொடங்கிவிட்டது. அதன் உறைவு நாள் வருவதற்குள் தமிழில் பெயர்க்க வேண்டிய சொற்றொடர்களும் கண்டுபிடிக்க வேண்டிய பிழைகளும் மிகுதியாகக் காத்திருக்கும். வடம் நீளமானது; பிடிக்க இடம் இருக்கிறது.